கண்ணாடியைக் கொடுத்து முட்டை வாங்கிய குரங்கு: தேர்ந்தெடுக்கும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது?

கிட்டப்பார்வை | ஞாயிறு, இரவு 9:12

போன மாதம் குடும்பத்தோடு பாலித் தீவுக்குப் போயிருந்தேன். கடலோரப் பாறை உச்சியில் இருக்கும் உலுவாத்து கோயிலில் ஒரு குரங்கு பின்னாலிருந்து தோளில் ஏறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மதில்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லையென்றால் எதிரில் நிற்பது மனைவியா மரமா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனைவி சொன்ன நேர்முக வர்ணனை.

அங்கே வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். முதலில் வேர்க்கடலை காட்டினார். குரங்கு அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் காம்பின் நுனியை நிதானமாக மென்றது. வாழைப்பழம் காட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். குரங்கு இடது கையை நீட்டி முட்டையை வாங்கி, அது கைக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் வலது கையிலிருந்த கண்ணாடியை விட்டது. கீழே விழுந்ததில் ஒரு பக்கம் கீறல்.

இது சும்மா பழக்கமா, இல்லை அதன் மண்டைக்குள் விலைப்பட்டியல் ஏதாவது இருக்கிறதா? பழத்தின் வகை, அளவு, காத்திருக்க வேண்டிய நேரம், கிடைக்காமல் போகும் ஆபத்து எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுப் பார்க்குமா? இல்லை, ஏதோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழக்கடை_செல்வம் | ஞாயிறு, இரவு 9:30

பொருள் கைக்கு வந்த பிறகுதான் பிடியை விட்டதா? அது குரங்கு இல்லை அண்ணே, எங்கள் மண்டி வியாபாரி.


சோலைக்காடு | ஞாயிறு, இரவு 10:05

உங்கள் கண்ணாடியைப் பறித்த கூட்டத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. 2021-இல் ஜான் பாப்டிஸ்ட் லெக்கா குழுவினர் வெளியிட்டது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பாலியின் உதயனா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. அங்கே இருப்பவை நீளவால் குரங்குகள். பறித்த பொருட்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். காலி கேமரா பை மாதிரியானவை கடைசித் தரம், தொப்பி செருப்பு நடுத்தரம், கைப்பேசியும் மூக்குக்கண்ணாடியும் முதல் தரம்.

குட்டிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கிடைத்ததைப் பறிக்கும், கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். நாலு வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறுகின்றன. நன்றாக வளர்ந்தவை, மனிதர்கள் எதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று பார்த்து அதையே பறிக்கின்றன. கையில் முதல் தரச் சரக்கு இருந்தால் சாப்பாடு அதிகமாகவோ, தனக்குப் பிடித்ததாகவோ வரும்வரை பேரத்தை முடிப்பதில்லை. உங்களிடம் வந்தது அனுபவஸ்தர் என்று நினைக்கிறேன்.

இதில் முக்கியம், கண்ணாடி அதற்கு உணவே இல்லை. அதன் மதிப்பு முழுக்க உங்கள் முகத்தில்தான் இருக்கிறது. அந்த மதிப்பை வாழைப்பழத்தோடும் முட்டையோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதுதான் ஆச்சரியம்.


நரம்புக்காரி | ஞாயிறு, இரவு 11:20

ஒரே தராசா என்ற கேள்விக்கு, ஆமாம் என்று சொல்லக்கூடிய ஆதாரம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் கமில்லோ படோவா-ஷியோப்பாவும் ஜான் அசாடும் செய்த சோதனை. குரங்கு ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். திரையில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சதுரங்கள். சதுரத்தின் நிறம் என்ன ஜூஸ் என்று சொல்லும், எத்தனை சதுரம் என்பது எவ்வளவு ஜூஸ் என்று சொல்லும். எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புகிறதோ அந்த ஜூஸ் வாய்க்கு வரும். இரண்டும் ஒரே அளவு என்றால் பிடித்த ஜூஸைத்தான் எடுக்கும். பிடிக்காததை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் தடுமாற ஆரம்பிக்கும். பாதி தடவை இது, பாதி தடவை அது. அந்தத் தடுமாற்றப் புள்ளிதான் மாற்று விகிதம். நல்ல ஜூஸ் ஒரு துளிக்கு மற்றது நாலு துளி என்று வந்தால், அன்றைக்கு அந்தக் குரங்கின் சந்தை நிலவரம் அது.

கண்குழிக்கு நேர் மேலே, நெற்றிக்கு அடியில் இருக்கும் மூளைப் பகுதியில் (ஆர்பிட்டோஃப்ரான்டல் கார்டெக்ஸ் என்பார்கள்) மின்முனை வைத்துப் பார்த்தபோது மூன்று விதமான நியூரான்கள் (நரம்பணுக்கள்) தெரிந்தன. ஒரு வகை, முன்னால் வைக்கப்பட்ட ஒரு ஜூஸின் மதிப்புக்கு ஏற்றபடி துடிக்கும். இன்னொரு வகைக்குத் தேர்ந்தெடுத்தது எந்த ஜூஸ் என்பது மட்டும்தான் கணக்கு. மூன்றாவது வகைதான் சுவாரசியம். தேர்ந்தெடுத்ததன் மதிப்பு எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்லும், எந்த ஜூஸ் என்று சொல்லாது. ஒரு துளி நல்லதற்கும் நாலு துளி சுமாருக்கும் ஒரே துடிப்பு. இடப்பக்கமா வலப்பக்கமா, கண் எங்கே திரும்பியது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. ரூபாய் நோட்டு மாதிரி. அது அரிசியிலிருந்து வந்ததா பருப்பிலிருந்து வந்ததா என்று நோட்டில் எழுதியிருக்காது.

இது சும்மா எதிரொலியாக இருக்கலாமே, முடிவு வேறெங்காவது நடக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். 2020-இல் அதே படோவா-ஷியோப்பாவின் குழு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், அதே மூளைப் பகுதியில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தது. குரங்கின் தேர்வே ஒரு பக்கம் சாய்ந்தது.

இன்னொன்றும் உண்டு. 2017-இல் கேம்பிரிட்ஜில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழு இரண்டு ஜூஸை ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது. இந்த ஜூஸ் கொஞ்சம் குறைந்தால் அந்த ஜூஸ் எவ்வளவு கூடினால் சரிக்கட்டும் என்று பார்த்தார்கள். பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் வரும் சமநோக்கு வளைகோடு அப்படியே வந்தது. எனக்குப் பரீட்சையில்கூட அவ்வளவு அழகாக வரையத் தெரியாது.


தலைகீழ் | திங்கள், காலை 6:48

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதில் ஒரு சுற்றுவேலை தெரிகிறது. எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? தேர்ந்தெடுத்ததால். ஏன் தேர்ந்தெடுத்தது? பிடித்ததால். ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால் குரங்கு என்ன, ஆட்டுக்கல்கூட வளைகோடு வரையும். தண்ணீர்த் தாகத்தோடு திரைக்கு முன் உட்கார வைக்கப்பட்ட குரங்கை வைத்துக் காட்டுக் குரங்கைப் பற்றிப் பேசலாமா?


நரம்புக்காரி | திங்கள், காலை 7:30

ஆட்டுக்கல் வரையாது. மற்றபடி காட்டுக் குரங்கு பற்றிய கேள்வி நியாயம்தான்.


பழக்கடை_செல்வம் | திங்கள், மதியம் 2:15

நான் படிக்காதவன். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் உட்கார்ந்து, ஆட்கள் பழம் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூஸில் இரண்டே விஷயம், என்ன சுவை, எவ்வளவு. பழத்தில் அப்படியா? மாம்பழம் என்றால் நிறம் பார்ப்பார்கள், அப்புறம் காம்புப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார்கள். தர்பூசணி என்றால் தட்டல். சப்போட்டா என்றால் அமுக்கல். காலையில் கல் மாதிரி இருந்த சப்போட்டா சாயங்காலம் பத்துப் பேர் அமுக்கி அமுக்கியே பழுத்துவிடும். அமுக்கிவிட்டு வாங்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

குரங்கு எதையெல்லாம் பார்க்கும்?


சோலைக்காடு | திங்கள், இரவு 8:40

செல்வம் அண்ணே, உங்கள் கடைக்கு வருகிறவர்களை உகாண்டாவின் கிபாலே காட்டுக்கு அனுப்பலாம். அங்கே சிம்பன்சிகள் அத்தி மரத்தில் செய்வது இதே வேலை. சில வகை அத்தியில் பழுக்காத காய்க்கும் பழுத்த பழத்துக்கும் வெளி நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, இரண்டும் பச்சை. சிம்பன்சி முதலில் கண்ணால் பார்க்கும். சந்தேகமாக இருந்தால் காம்பில் இருக்கும்போதே விரல்களால் மெதுவாக அமுக்கும். சில சமயம் பறித்துக் கடித்துப் பார்த்துத் துப்பும். 2016-இல் நதானியல் டொமினி குழுவினர் இதை அளந்து எழுதினார்கள். பறித்துக் கடிப்பதைவிட அமுக்கிப் பார்ப்பதற்கு நேரம் மிகக் குறைவு, கிடைக்கும் தகவலோ நிறத்தைப் பார்ப்பதைவிட மேல். ஆக, பழத்தின் குணங்களை மட்டும் எடை போடவில்லை. எந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ள எவ்வளவு செலவு என்பதையும் சேர்த்துத்தான் எடை போடுகிறது.

அதே கிபாலேயில் மாங்கபே என்ற குரங்கு. கார்லீன் யான்மாட் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்திருந்தால், முன்பு பழம் பார்த்துவிட்டு வந்த அத்தி மரத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறது. மப்பும் மந்தாரமுமாகக் குளிர்ந்து கிடந்தால் அந்தப் பக்கம் போவது குறைகிறது. வெயிலில் சீக்கிரம் பழுக்கும் என்ற கணக்கு. அந்த மரத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது, கடந்த சில நாள் வெயிலைக் கொண்டு ஊகிக்கிறது.

ஐவரி கோஸ்ட்டில் தாய் (Taï) என்ற காட்டில் 5 பெண் சிம்பன்சிகளை 275 முழு நாட்கள் பின்தொடர்ந்த ஆய்வும் யான்மாட் குழுவுடையதுதான், 2014. மறுநாள் காலைச் சாப்பாடு அத்தி என்றால் மற்ற பழ நாட்களைவிட முன்னதாகவே, இருட்டு பிரிவதற்குள் கூட்டை விட்டு இறங்கிவிடுகின்றன. அத்திக்குப் போட்டி அதிகம், சீக்கிரம் காலியாகிவிடும். மரம் தூரமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே கிளம்புகின்றன. சிறுத்தை நடமாடும் நேரம் அது. பழத்தின் ருசி, போட்டி, தூரம், உயிர்ப்பயம் நான்கையும் சேர்த்து வந்த முடிவு, கிளம்பும் நேரமாக வெளியே தெரிகிறது. தலைகீழ் நண்பருக்கு இது போதுமா?


தலைகீழ் | திங்கள், இரவு 9:02

இது பிடித்திருக்கிறது. ஆனால் சேர்த்துக் கூட்டியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அத்தி என்றால் சீக்கிரம் எழுந்திரு என்று ஒரே ஒரு விதி போதுமே.


சோலைக்காடு | திங்கள், இரவு 9:20

ஒரே விதி என்றால் தூரத்துக்கு ஏற்ப நேரம் மாறக்கூடாது. மாறுகிறது.


அரைப்படி | செவ்வாய், காலை 10:10

எல்லோரும் குரங்கை ஆடிட்டர் ஆக்கிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சோதனை இதைக் கவிழ்த்துவிடும். ரீசஸ் குரங்குக்குத் திராட்சை ரொம்பப் பிடிக்கும். வெள்ளரித் துண்டும் பிடிக்கும், கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாது. இப்போது ஒரு பக்கம் ஒரு திராட்சை மட்டும். இன்னொரு பக்கம் அதே திராட்சையோடு ஒரு வெள்ளரித் துண்டு. கூட்டல் தெரிந்த யாரும் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். குரங்குகள் அதிகமும் எடுத்தது திராட்சை மட்டும் இருந்ததை! ஜெரால்ட் கிராலிக் குழுவினர், 2012.

கூட்டவில்லை, சராசரி எடுக்கிறது. திராட்சையின் பக்கத்தில் வெள்ளரி வந்ததும் மொத்தத்தின் தரமே இறங்கிவிடுகிறது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் நல்ல தேங்காய் மட்டும் இருந்தால் திருப்தியாக இருக்கிறது. கூடவே ஒரு வாடின வெற்றிலையும் மூடி சேராத பிளாஸ்டிக் டப்பாவும் போட்டுக் கொடுத்தால், பொருள் கூடியிருக்கிறது, மனசு குறைந்துவிடுகிறது.


பழக்கடை_செல்வம் | செவ்வாய், காலை 11:45

சத்தியமான வார்த்தை. ஆப்பிள் கூடையில் லேசாக அடிபட்ட பழம் ஒன்றை இலவசமாகத்தான் போட்டு வைத்தேன். கூடையே விலை போகவில்லை. அதை எடுத்தெறிந்தேன், பத்து நிமிஷத்தில் போய்விட்டது.


நரம்புக்காரி | செவ்வாய், மதியம் 1:05

அரைப்படி சொன்னது சரி. இதையும் ஜூஸ் சோதனையையும் ஒரே வாயில் மெல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் ஊகம், கேம்பிரிட்ஜ் குரங்குகளுக்கு ஒவ்வொரு பொட்டலமும் பலநூறு தடவை பழகியது, இரண்டு ஜூஸும் கட்டாயம் வாய்க்கு வரும் என்று தெரியும். கையால் எடுத்துத் தின்னும் இடத்தில் ஒரு பார்வையில் முடிவு. வெள்ளரியைக் கையில் வாங்கி மென்று முடிக்கும் நேரமும் ஒரு செலவாக இருக்கலாம்.


வாட்ஸப்_வீரன் | செவ்வாய், மதியம் 1:40

வெள்ளரி என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளரியைத் தூக்கி ஆராய்ச்சியாளர் மேலேயே எறியும் குரங்கு வீடியோ பார்த்தீர்களா? பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை, தனக்கு வெள்ளரியா என்று கோபம். குரங்குக்கே நியாய உணர்வு இருக்கிறது!


அரைப்படி | செவ்வாய், மதியம் 2:00

அது கப்புச்சின் குரங்கு. சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003-இல் செய்த ஆய்வு. வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாய உணர்வா, கண் முன்னால் திராட்சையைப் பார்த்த பிறகு வெள்ளரி கசந்துபோனதா என்பதில் அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. பக்கத்தில் குரங்கே இல்லாமல் திராட்சையை வெறுமனே காட்டினாலும் இந்த வெறுப்பு வருகிறதா என்று பார்த்தவர்கள் உண்டு, வருகிறது என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சிதான். எப்படிப் பார்த்தாலும் வெள்ளரியின் மதிப்பு வெள்ளரிக்குள் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.


தலைகீழ் | செவ்வாய், மாலை 6:30

நான் முதலில் சொன்ன சுற்றுவேலைக்கு வருகிறேன். தேர்ந்தெடுப்பதே விருப்பத்தை மாற்றிவிடும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கப்புச்சின்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது, 2007. லூயிசா ஈகன், லாரி சாண்டோஸ், பால் புளூம் செய்தது. நம் ஜெம்ஸ் மாதிரி வண்ண மிட்டாய். குரங்குக்கு மூன்று நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிவப்பா நீலமா என்று கேட்டார்கள். சிவப்பை எடுத்தது என்று வையுங்கள். அடுத்து நீலமா பச்சையா என்று கேட்டால் பச்சையைத்தான் அதிகம் எடுக்கிறது. ஒரு தடவை கழித்த நீலம் கழித்ததுதான். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் கதை. ஆக, தராசு முதலில், தேர்வு பிறகு என்பதே தப்பு. தேர்வுதான் தராசைச் செய்கிறது.


கணக்கு_வாத்தியார் | செவ்வாய், இரவு 10:15

இரண்டு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மட்டும் வாயைத் திறந்தாக வேண்டும்.

குரங்குக்கு மனசே மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிறமும் ஏறத்தாழ ஒன்று என்றாலும் நம் அளவுக்குத் தெரியாத மயிரிழை விருப்பம் இருக்கலாம் இல்லையா? மூன்று நிறத்தை வரிசைப்படுத்த மொத்தம் ஆறு வழி. குரங்கு நீலத்தை விட்டுச் சிவப்பை எடுத்த உடனே, நீலம் சிவப்புக்கு முன்னால் வரும் மூன்று வழிகள் அடிபட்டுவிடும். மிச்சம் மூன்று. பச்சை, சிவப்பு, நீலம் என்பது ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் இரண்டாவது. சிவப்பு, நீலம், பச்சை மூன்றாவது. இந்த மூன்றில் இரண்டில் பச்சை நீலத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆக, எந்த மனமாற்றமும் இல்லாமலே மூன்றுக்கு இரண்டு தடவை பச்சையைத்தான் எடுக்க வேண்டும். புளிக்கும் கதைக்கு அங்கே வேலையே இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அதே யேலில் இருந்த பொருளாதாரக்காரர் கீத் சென் 2008-இல் சொன்னது. மூன்று கதவுக்குப் பின்னால் காரும் ஆடும் இருக்கும் புதிர் தெரியுமே, அதன் உறவுக்காரக் கணக்கு. நீலம் கழிக்கப்பட்டது என்பதே நீலத்தைப் பற்றிய தகவல். பல வருஷமாக மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகளிலும் இதே ஓட்டை இருந்தது என்பதுதான் வேடிக்கை.


தலைகீழ் | செவ்வாய், இரவு 10:50

ஐயா, பேப்பரில் ஆறையும் எழுதிப் பார்த்தேன். சரிதான். என் கட்சி கவிழ்ந்தது.


கணக்கு_வாத்தியார் | செவ்வாய், இரவு 11:05

முழுக்கக் கவிழவில்லை. ஈகன் குழு 2010-இல் ஓட்டையை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை எதை எடுக்கிறோம் என்று தெரியாமலே குரங்கு எடுக்கும்படி ஏற்பாடு. தெரியாமல் எடுத்தால் விருப்பத்தைப் பற்றி ஒரு தகவலும் கசியாது. அப்போதும் கழித்ததை மறுபடி கழிக்கும் சாய்வு தெரிந்தது. நீங்கள் பாதி மதிப்பெண் எடுத்துக்கொள்ளலாம்.


சோலைக்காடு | புதன், காலை 7:55

எனக்கு மிகப் பிடித்த ஜோடி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தென் அமெரிக்காவின் மார்மோசெட், டாமரின். இரண்டும் சின்னஞ்சிறு குரங்குகள், நெருங்கிய சொந்தம். உடனே 2 உருண்டை வேண்டுமா, கொஞ்சம் பொறுத்து 6 வேண்டுமா என்று கேட்டார்கள். டாமரின் சுமார் 8 நொடி பொறுத்தது. மார்மோசெட் சுமார் 14 நொடி. மார்மோசெட் பொறுமைசாலி என்று முடித்துவிடலாம். ஆனால் நேரத்துக்குப் பதில் தூரத்தை வைத்து, பக்கத்தில் கொஞ்சம், தள்ளி நிறைய என்று கேட்டபோது தலைகீழாகிவிட்டது. அதிக தூரம் நடக்கத் தயாராக இருந்தது டாமரின். இரண்டும் 2005-இல் ஜெஃப்ரி ஸ்டீவன்ஸ் குழு செய்தவை.

காரணம் அவற்றின் பிழைப்பில் இருக்கிறது. மார்மோசெட் மரப்பட்டையைக் கடித்துத் துளை போட்டு, பிசின் கசியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். டாமரின் பூச்சி பிடிக்கக் கிளைக்குக் கிளை ஓடும். பூச்சி காத்திருக்காது. ஒரே குரங்கு, ஆனால் நேரத்துக்கு ஒரு விகிதம், தூரத்துக்கு வேறு விகிதம்.


நரம்புக்காரி | புதன், காலை 9:30

ஆபத்திலும் இதே கதைதான். ஜெர்மனியின் லைப்சிக் விலங்குக்காட்சிச் சாலையில் சிம்பன்சிக்கும் அதன் நெருங்கிய சொந்தமான போனோபோவுக்கும் இரண்டு கிண்ணம் வைத்தார்கள். ஒன்றில் எப்போதும் 4 துண்டு. இன்னொன்றில் 1 இருக்கலாம், 7 இருக்கலாம். சராசரி ஒன்றுதான். சிம்பன்சி சூதாடியது, போனோபோ 4-ஐ எடுத்துக்கொண்டு போனது. ஆய்வகத்து ரீசஸ் குரங்கோ பெரிய சூதாடி என்று பெயர் வாங்கியிருந்தது. ஹேடனும் பிளாட்டும் 2007-இல், ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியை நீட்டினார்கள். நீட்ட நீட்டச் சூதாட்ட ஆசை குறைந்தது. இந்த ஆட்டம் போனால் மூன்று நொடியில் அடுத்த ஆட்டம் என்றால் யாரும் துணிந்துவிடுவார்கள். ஒன்றரை நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது என்றால் யோசனை வருகிறது.


கிட்டப்பார்வை | புதன், இரவு 8:20

ஒரு கேள்வி கேட்டதற்கு இத்தனையா! எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவளுடைய சந்தேகம் வேறு. விலை அதிகம் என்பதாலேயே ஒரு பொருள் உசத்தி என்று நினைக்கும் வியாதி குரங்குக்கும் உண்டா என்று கேட்கிறாள். கீறல் விழுந்த கண்ணாடிக்கு நான் வாங்கிய புது பிரேமை மனதில் வைத்துக் கேட்கிறாள் என்று தெரிகிறது.


அரைப்படி | புதன், இரவு 8:55

கிடையாது, அண்ணியிடம் சொல்லுங்கள். யேல் கப்புச்சின்கள் நாணயம் மாதிரியான வில்லைகளைக் கொடுத்துச் சாப்பாடு வாங்கப் பழகியவை. விலை குறைந்தால் அதை அதிகம் வாங்கும் அளவுக்கு விவரம். 2014-இல் ஒரு சுவைக்கு மட்டும் விலையை ஏற்றிப் பழக்கிவிட்டு, பிறகு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று இலவசமாக வைத்தார்கள். விலை ஏறியதை உசத்தி என்று நினைத்துப் போய் விழவில்லை. அந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு.


பழக்கடை_செல்வம் | வியாழன், இரவு 9:45

இந்தத் திரியைப் படித்துவிட்டு இன்றைக்குக் கடையில் ஒரு சோதனை செய்தேன். சப்போட்டாக் குவியலுக்கு முன்னால் ஒரே ஒரு பழத்தைத் தனித் தட்டில் வைத்து, அமுக்கிப் பார்க்க என்று அட்டையில் எழுதி வைத்தேன். சாயங்காலம்வரை அந்தப் பழத்தை ஒரு ஆள் தொடவில்லை. எல்லோரும் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு, பின்னாலிருந்த குவியலைத்தான் அமுக்கினார்கள்.